கல்லில் விடுபட்ட காலம்

சூலூரில் யாராவது போர்வெல் போடுவதென்று முடிவு செய்தால், ஜோஸ்லின் வீட்டு வாசலில் ஒரு தடவையாவது வந்து நின்றுவிடுவார்கள். "ஏனுங்க அம்மணி, நீங்க கல்லப் பத்திப் படிச்சவங்களாமா. எங்க தோட்டத்துல எந்த மூலைல தண்ணி சிக்கும்னு ஒரெட்டு வந்து பாத்துச் சொல்லுங்களே" என்று கேட்பார்கள். தான் படித்த கல் வேறு என்று அவள் விளக்குவாள். பொறுமையாகத் தலையாட்டிக் கேட்டுவிட்டு, "சரிங்க, நாளைக்குக் காலைல வண்டி அனுப்பட்டுங்களா?" என்பார்கள்.

அவள் சொன்னது உண்மைதான். கொங்குச் சீமைக்கு அடியில் கிடப்பது வெந்து இறுகிய கடும்பாறை. ஜோஸ்லினுடைய பாறை கடலுக்கு அடியில் பிறந்தது. ஆறுகள் கொண்டுபோய்க் கொட்டும் மண்ணும் மணலும் கடலின் அடியில் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து, மேலே ஏறிய பாரத்தில் இறுகிக் கல்லாகும். அந்தப் படிவுப் பாறையின் வயதைக் கண்டுபிடித்துச் சொல்வதுதான் அவளுக்கு வேலை. வங்கக் கடலிலிருந்து முந்நூறு கிலோமீட்டர் தள்ளி, திருச்சி ரோட்டில், பழைய தறிக் குடோன் ஒன்றில் உட்கார்ந்துகொண்டு அவள் அதைச் செய்துகொண்டிருந்தாள்.

குடோன் வெங்கடபதியுடையது. எண்ணெய்க் கம்பெனி ஒன்றில் பாறை ஆய்வாளராக வடக்கே காலம் தள்ளிவிட்டு, ஓய்வுபெற்று ஊர் திரும்பியவர், குடும்பத்தின் தறிகள் ஓடிய இடத்தையே பரிசோதனைக்கூடமாக மாற்றியிருந்தார். அடுத்த குடோனில் இன்னும் தறி ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தம் நின்றால்தான் ஜோஸ்லின் நிமிர்ந்து பார்ப்பாள், கரண்ட் போய்விட்டதென்று தெரியும். கல்லை அறுக்கவும் பெட்டிகளைப் பார்த்துக்கொள்ளவும் ஆனைமலைக்காரரான மாசாணம் இருந்தார். மூன்று பேர்தான் மொத்தமே.

ஜோஸ்லின் பயந்த சுபாவம். வீட்டைப் பூட்டிவிட்டு பஸ் ஸ்டாப் வரை போனவள் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பாள். மகள் ஆஷ்லிக்கு லேசாக மேல் சுட்டாலும் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிடுவாள். கணவன் டேவிட்சன் மோட்டார் பம்ப் கம்பெனியில் ஃபோர்மேன். "நீ பயப்படறதுக்குன்னு ஒரு ஷிப்ட் தனியா போடோணும்" என்று கேலி செய்வான். ஆனால் வேலையில் அந்தச் சுபாவமே அவளுக்கு நல்ல பெயர் வாங்கித் தந்திருந்தது. எந்தத் துண்டு எந்த ஆழத்தில் எடுத்தது என்பதை அவள் ஒரு முறைக்கு இரு முறை சரிபார்க்காமல் விடமாட்டாள்.

போன மழைக்காலத்தில் அவர்களுக்கு ஒரு பெரிய வேலை வந்தது. காவிரி போய்க் கடலில் சேரும் பக்கம், கரையிலிருந்து வெகு தூரத்தில், ஒரு தனியார் கம்பெனி எரிவாயு தேடிக் கிணறு தோண்டியிருந்தது. துளைக்கும்போதே உள்ளேயிருந்து உருளை உருளையாகப் பாறையை வெளியே எடுப்பார்கள். கோர் என்பார்கள் அதை. அந்தக் கோர் முழுவதும் பெட்டி பெட்டியாக லாரியில் சூலூருக்கு வந்தது.

காங்கயம் தாண்டி ரோட்டின் குறுக்கே மாடு வந்துவிட்டதில் டிரைவர் சடன் பிரேக் போட்டிருக்கிறார். மேலே இருந்த சில பெட்டிகள் சரிந்து மூடி திறந்துகொண்டன. ஜோஸ்லினும் மாசாணமும் உட்கார்ந்து துண்டுகளை ஒழுங்கு செய்தார்கள். எது மேல்பக்கம், எது கீழ்ப்பக்கம் என்று தெரிவதற்காகக் கோரின் நெடுகிலும் சிவப்பும் கறுப்புமாக இரண்டு கோடு போட்டிருப்பார்கள். பெரும்பாலான துண்டுகளில் கோடு பளிச்சென்று இருந்தது. ஓரிடத்தில் மட்டும் உரசலில் அழிந்துபோயிருந்தது. அங்கே உடைந்த முனைகளை ஒன்றோடொன்று பொருத்திப் பார்த்து, நிறத்தையும் பார்த்து ஜோஸ்லின் அடுக்கினாள். அவளுக்கு அப்போதே கொஞ்சம் சங்கடமாகத்தான் இருந்தது. "சரியாத்தானே இருக்குதுங்கண்ணா?" என்று மாசாணத்திடம் கேட்டாள். "உங்களுக்குத் தெரியாததாங்க" என்றார் அவர்.

வயது பார்ப்பது இப்படித்தான். பாறையில் ஒரு சிட்டிகை எடுத்து ஊறவைத்து, கழுவி, சல்லடையில் மிஞ்சுவதை மைக்ராஸ்கோப்பில் வைத்தால், கடலில் மிதந்து வாழ்ந்து செத்த நுண்ணுயிர்களின் ஓடுகள் தெரியும். ரவையை விடச் சின்னவை. சங்கு போலவும் பாப்கார்ன் போலவும் இருக்கும். ஒவ்வொரு காலத்துக்கும் ஒவ்வொரு வடிவம். பழைய போட்டோவில் சட்டைக் காலரைப் பார்த்து அது எந்த வருஷத்துப் படம் என்று சொல்வதுபோல், ஜோஸ்லின் ஓட்டைப் பார்த்துக் காலத்தைச் சொல்வாள்.

கீழிருந்து மேலே பார்த்துக்கொண்டே வந்தவள், அந்தக் கோடு அழிந்த இடத்துக்கு வந்தபோது நின்றுவிட்டாள். கீழ்த்துண்டில் பழங்காலத்து ஓடுகள். அதற்கு மேல்துண்டின் தலைப்பக்கத்தில் எடுத்ததிலோ மிகவும் பிந்திய காலத்து ஓடுகள். இடையில் ஒன்றரைக் கோடி ஆண்டுகளுக்கான ஓடுகள் எதுவுமே இல்லை. அந்தக் காலத்துக்குரிய கெட்டியான களிப்பாறை அடுக்கு ஒன்று அங்கே இருந்தாக வேண்டும். கம்பெனியின் திட்டப் படத்தில் அது தடித்த பட்டையாக வரையப்பட்டிருந்தது. கல்லில் அதைக் காணோம்.

அவளுக்கு முதலில் தோன்றியது லாரிதான். ஒரு பெட்டி முழுதாக விழுந்துபோயிருக்குமோ? இல்லை, தான் அடுக்கியதே தப்போ? குடோனின் மூலை முடுக்கெல்லாம் தேடினாள். பெட்டிகளை மறுபடி எண்ணினாள். எண்ணிக்கை சரியாக இருந்தது. அதுவும் ஆறுதலாக இல்லை. அனுப்பியவர்களே ஒன்றைக் குறைத்து எண்ணியிருக்கலாம் அல்லவா?

வெங்கடபதியிடம் சொன்னாள். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"இப்படி அடுக்கு விட்டுப்போறது இயற்கைலயும் உண்டும்மா. கடல் அடி மேல எழும்பினா மண்ணு படியாது, படிஞ்சதும் அரிச்சுட்டுப் போயிரும். இல்லீன்னா படிஞ்ச சேறு மொத்தமா சரிஞ்சு போயிரும். நானே பாத்திருக்கறேன்."

"ஆனா இது அந்தக் கோடு அழிஞ்ச எடத்துலயே வருதுங்க சார்."

அவர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டு அந்தப் பெட்டியைப் பார்க்க எழுந்து போனார். அவள் பயந்ததும் அதற்குத்தான்.

மறுநாள் கம்பெனியோடு வீடியோ கால். அந்தப் பக்கம் பூஜிதா என்ற இளம் ஆய்வாளர் இருந்தார். மரியாதையாகத்தான் பேசினார். ஆனால் கேட்டது குத்தியது. "மேடம், அந்தக் களிப்பாறைதான் வாயுவுக்கு மூடி. அத வெச்சுத்தான் அடுத்த கிணத்துக்கே பிளான் பண்ணியிருக்கோம். வழியில பாக்ஸ் கொட்டினதா கேள்விப்பட்டோம். சாம்பிள் மிஸ் ஆயிருக்க வாய்ப்பு இருக்கா?"

"இருக்கலாம்" என்று சொல்ல ஜோஸ்லின் வாயெடுத்துவிட்டாள். வெங்கடபதி குறுக்கிட்டு, பார்த்துச் சொல்வதாகச் சொல்லி வைத்தார்.

கால் முடிந்ததும் அவரே மெதுவாகச் சொன்னார்: "வழியில கொஞ்சம் தவறிப்போச்சுன்னு எழுதிக் குடுத்தாலும் யாரும் நம்மளத் தப்பு சொல்லமாட்டாங்கம்மா. லாரிக்காரன் பிரேக் போட்டது அவங்களுக்கே தெரியும். எனக்கும் அப்படி எழுதறது மனசுக்குச் சரியாப் படல. ஆனா அந்த அடுக்கே அங்க இல்லீன்னு நீ சொல்லி, நாளைக்கு அது தப்பாப் போச்சுன்னா, அப்புறம் நம்மகிட்ட யாரு கல்லு அனுப்புவாங்க?"

அவளுக்கு அப்படி எழுதிவிடத்தான் ஆசை. எழுதிவிட்டால் எல்லாம் முடிந்தது. ஆனால் அடுத்த கிணறு என்றதும் அவளுக்கு வேறொன்று ஞாபகத்தில் இடித்தது. அந்தக் கிணற்றைத் தோண்டப்போகும் கப்பலில் ஜெஃபின் இருந்தான்.

ஜெஃபின் டேவிட்சனின் தம்பி. மாமியார் மாமனார் அடுத்தடுத்துப் போனபின் இவர்கள் வீட்டில் வளர்ந்து டிப்ளமா முடித்தவன். ஒரு மாதம் கடலில் வேலை, ஒரு மாதம் வீடு. போன வாரம்தான் பையைத் தோளில் போட்டுக்கொண்டு, "வாரேனுங்க அண்ணி, இந்தத் தடவ புதுக் கெணறு" என்று சிரித்துக்கொண்டு போயிருந்தான்.

அன்று சாயங்காலம் டேவிட்சனிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். அவனுக்குப் பாறை தெரியாது, இயந்திரம் தெரியும்.

"மூடி இருக்குதுன்னு நெனச்சுத் தோண்டி, மூடி இல்லீன்னா என்னாகும்?" என்று கேட்டான்.

"தோண்டும்போது உள்ள இருக்கற அழுத்தத்தைத் தாங்கக் குழிக்குள்ள சேறு விடுவாங்க. மூடி வர்ற வரைக்கும் லேசான சேறுதான். அதுக்கப்புறந்தான் கெட்டியான சேறு விட்டு, இரும்புக் குழாய் எறக்கி, வாயுவை அமுக்கிப் பிடிப்பாங்க. மூடி கிழிஞ்சிருந்தா வாயு முன்னாடியே மேல ஏறி நிக்கும். குழாய் எறக்காத எடத்துல அது வந்துச்சுன்னா, சேத்தைத் தள்ளிக்கிட்டு நேரா கப்பலுக்கே வந்துரும்."

டேவிட்சன் கையிலிருந்த டம்ளரை வைத்துவிட்டான். அன்று கேலி எதுவும் வரவில்லை. "அப்பொ இருக்குதா இல்லியான்னு நீதான் கண்டுபுடிச்சாகோணும் அம்மணி" என்றான்.

ஜெஃபினைக் கூப்பிட்டார்கள். கடலில் லைன் கிடைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் போதகர் என்ன பேசினார் என்று அவளுக்குத் தெரியாது. பாட்டுப் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்திருந்ததை ஆஷ்லி பார்த்துத் திருப்பிக் கொடுத்தாள். கீழே, மேலே என்று இரண்டு துண்டுகள்தான் அவள் மனதில் ஓடிக்கொண்டிருந்தன. உடைந்த இடத்துக்குக் கீழே ஒரு சாம்பிள் எடுத்தோம். மேல்துண்டின் தலைப்பக்கம் ஒன்று எடுத்தோம். நடுவில் எடுக்கவே இல்லையே? மேல்துண்டு ஒரு முழம் நீளம் இருக்கிறதே. அதன் அடிப்பகுதியில் என்ன இருக்கிறது?

திங்கட்கிழமை காலை குடோன் திறக்குமுன்பே போய் நின்றாள். மேல்துண்டின் நெடுகிலும் விரல்கடை விரல்கடையாகச் சுரண்டி எடுத்து, ஒவ்வொன்றையும் ஊறவைத்தாள். ஊறவேண்டும், கழுவவேண்டும், காயவேண்டும். அவசரப்பட முடியாத வேலை. மாசாணம் டீ வாங்கிவந்து வைத்தார். அது ஆறி ஆடை கட்டியது.

மேல்துண்டின் தலையில் பிந்திய காலத்து ஓடுகள். அதற்குக் கீழும் அவையே. இன்னும் கீழே வந்தாள். துண்டின் அடிப்பாகத்தில், உடைவுக்கு ஒரு சாண் மேலே, திடீரென்று பழங்காலத்து ஓடுகள்.

அவள் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள். அந்த ஒன்றரைக் கோடி ஆண்டு காணாமற் போனது உடைந்த இடத்தில் அல்ல. உடையாத ஒரே கல்லுக்குள். முழுக் கல்லுக்குள்ளிருந்து எந்த லாரியும் எதையும் கொட்டியிருக்க முடியாது. எந்தக் கையும் அதைத் தப்பாக அடுக்கியிருக்க முடியாது.

"அண்ணா, இத நெடுக்குவாக்குல அறுத்துக் குடுங்க. மெதுவா."

மாசாணம் கல்லை இறுக்கிப் பிடித்து அறுத்தார். ரம்பத்தில் தண்ணீர் பீய்ச்சியடிக்க, சாம்பல் குழம்பு வழிந்தது. இரண்டாகப் பிளந்த கல்லைக் கழுவி மேசையில் வைத்தபோது வெங்கடபதியும் வந்து குனிந்தார். குறுக்கே ஒரு கோடு. பென்சில் கோட்டைவிடக் கொஞ்சம் தடிமன்தான். கோட்டுக்குக் கீழே மெல்லிய வரிகளெல்லாம் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தன. மேலே உள்ள வரிகள் மட்டமாகப் படுத்திருந்தன.

வெங்கடபதி விரலால் அந்தச் சாய்வைத் தடவினார். "மொதல்ல பூமியோட தட்டு அசைஞ்சு கடல் அடிய ஒரு பக்கமாத் தூக்கியிருக்குது. அதுதான் இந்தச் சாய்வு."

"தூக்கினதுல சரிவு செங்குத்தாயிருச்சுங்க" என்றாள் ஜோஸ்லின். வார்த்தைகள் அவளை முந்திக்கொண்டு வந்தன. "மேல படிஞ்சிருந்த களி இன்னும் முழுசா இறுகியிருக்காது. பாரம் தாங்காம, இல்லீன்னா ஒரு நெலநடுக்கத்துல, மொத்தமா வழுக்கிக் கீழ போயிருக்கும். பாருங்க, இந்தக் கோடு எவ்வளவு வழவழன்னு இருக்குது. அரிச்சிருந்தா சொரசொரப்பா, கூழாங்கல்லோட இருக்கோணும். இது சரிஞ்ச தழும்புங்க சார். அப்புறம் அந்த மொட்டைத் தரை மேல புது மண்ணு படிஞ்சிருக்குது."

"போன களி எங்கம்மா போச்சு?"

அவள் சுவரில் ஒட்டியிருந்த கம்பெனியின் வரைபடத்தைப் பார்த்தாள். அதில் முதல் கிணற்றிலிருந்து கடல் அடி எந்தப் பக்கமாகச் சாய்ந்திருந்ததோ, அந்தப் பக்கம்தான் அடுத்த கிணற்றின் புள்ளி இருந்தது.

அன்று மத்தியானமே பூஜிதாவுக்கு வீடியோ கால் போட்டார்கள். பேசியது ஜோஸ்லின்தான். அறுத்த கல்லைக் கேமரா முன் பிடித்துக் காட்டினாள். "சாம்பிள் தவறல. களிப்பாறை இங்க இல்ல. அது கீழ்ப்பக்கம் சரிஞ்சு, உங்க ரெண்டாவது கிணறு இருக்கற எடத்துல உருண்டு பெரண்டு குவிஞ்சிருக்கும்னு நெனைக்கிறேன். அப்படீன்னா அது மூடியா இருக்காது. ஒடஞ்ச கூரை ஓடு மாதிரி. இடுக்கு வழியா வாயு மேல வந்திருக்கும். நீங்க எதிர்பாக்கற ஆழத்துக்கு முன்னாடியே."

பூஜிதா தன் திரையில் வேறொரு படத்தைத் திறந்து பார்த்தார். பிறகு சொன்னார்: "ஒலி அலை அனுப்பி எடுத்த எங்க படத்துல, ரெண்டாவது கிணறு பக்கம் ஒரு பகுதி கலங்கலா இருக்குதுங்க மேடம். கோடே தெரியாது. பதிவு சரியில்லன்னு நாங்க அத ஒதுக்கிட்டோம்."

"கலைஞ்சு போன அடுக்குல கோடு எப்படிங்க தெரியும்?" என்றாள் ஜோஸ்லின்.

பூஜிதா தலையாட்டினார். மேலிடத்தில் பேசுவதாகச் சொன்னார். கிணறு ஏற்கெனவே தொடங்கிவிட்டதாம். இன்னும் மேல்மட்டத்தில்தான் போகிறதாம். கெட்டிச் சேற்றை முன்கூட்டியே விட்டு, குழாயையும் மேலேயே இறக்கச் சொல்லித் தான் எழுதுவதாகவும், ஒத்துக்கொள்வார்களா என்று தெரியாது என்றும் சொன்னார்.

அதற்குப் பிறகுதான் மோசமான நாட்கள். அவளால் செய்யக்கூடியது எதுவும் மிச்சமில்லை. தான் சொன்னது சரியாக இருந்தால் ஜெஃபின் ஆபத்தின் மேல் நிற்கிறான். தப்பாக இருந்தால் ஒரு கம்பெனியையே வீணாக அலைக்கழித்துவிட்டாள். வெங்கடபதியின் பெயரும் கெடும். எது நடக்கவேண்டும் என்று ஜெபிப்பது? ஜெபிக்கும்போதே குழம்பிப் பாதியில் நிறுத்திவிடுவாள். சோற்றில் உப்புப் போட மறந்தாள். ஒருநாள் இரண்டு தடவை போட்டாள். டி.வி.யில் கடல் என்ற வார்த்தை வந்தாலே அடுக்களையிலிருந்து ஓடிவந்தாள். கடலூரில் படகு கவிழ்ந்த செய்தியாக இருக்கும், புயல் எச்சரிக்கையாக இருக்கும். டேவிட்சன் வெளியே தைரியமாக இருந்தான். ஆனால் கம்பெனியில் சாப்பாட்டு நேரத்தில் போனை மேசைமேல் வைத்து அதையே பார்த்துக்கொண்டிருப்பதாக அவன் கூட வேலை பார்க்கும் ஜாவித் வந்து சொன்னான்.

ஒரு காலையில் ஆஷ்லிக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. தெரியாத நம்பர். டேவிட்சன் எடுத்தான். கேட்டுக்கொண்டே நின்றான். அவன் முகத்திலிருந்து அவளால் ஒன்றையும் படிக்க முடியவில்லை.

டேவிட்சன் போனை அவளிடம் நீட்டினான். அவன் கண் கலங்கியிருந்தது. "உன்கிட்டத்தான் பேசோணுமாம்."

"அண்ணி," என்றது ஜெஃபினின் குரல். பின்னால் காற்று இரைந்தது. "நல்லா இருக்கறனுங்க. முந்தாநேத்து வாயு வந்துருச்சு. பிளான்ல போட்டதுக்கு ரொம்ப மேலயே. சேறு பொங்கி மேல வந்துச்சு, சைரன் அடிச்சாங்க, நாங்கெல்லாம் ஓடிப்போய் படகு பக்கம் நின்னோம். ஆனா குழாய் மொதல்லயே எறக்கியிருந்தாங்க, கெட்டிச் சேறும் இருந்துச்சு. வால்வை மூடி அமுக்கிப்போட்டாங்க. ஒருத்தருக்கும் ஒண்ணுமில்லீங்க. சூலூர்ல இருந்து வந்த ரிப்போர்ட்டுனாலதான் பிளானையே மாத்தினாங்கன்னு எங்க சூப்பர்வைசர் சொன்னாரு. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. நீங்களாங்க அண்ணி?"

ஜோஸ்லின் "சாப்டியா கண்ணு?" என்று மட்டும் கேட்டாள். அவன் சிரித்தான். லைன் கட்டாகிவிட்டது. அவள் பாதி பின்னிய தலையோடு நின்ற மகளைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

கொஞ்ச நாள் கழித்து இரண்டாவது கிணற்றின் கோர் வந்தது. இந்தத் தடவை எந்தப் பெட்டியும் சரியவில்லை. மாசாணம் அறுத்ததும் மூவரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பரோட்டா மாவை மடித்து மடித்து வீசினதுபோல் களி அடுக்குகள் சுருண்டு கிடந்தன. நடுநடுவே வேறு பாறையின் உடைசல்கள் சிக்கியிருந்தன. மைக்ராஸ்கோப்பில் வைத்தபோது, முதல் கல்லில் தேடித் தேடிக் கிடைக்காத காலத்து ஓடுகள் வந்தன. சில இடத்தில் பழையவை புதியவற்றின் மேல் ஏறிக் கிடந்தன. தலைகீழாகப் புரண்ட சேறு.

ஆனால் எல்லாம் வரவில்லை. ஒன்றரைக் கோடியில் ஏறக்குறைய ஒரு கோடி ஆண்டுக்குத்தான் கணக்குக் கிடைத்தது. பிந்திய பகுதிக்கான ஓடு இங்கேயும் இல்லை. அவள் மறுபடி எடுத்துப் பார்த்தாள், மறுபடியும் இல்லை.

"களி சரிஞ்சு போனதுக்கு அப்புறம், மேல எழும்பி நின்ன அந்தத் தரைல ரொம்ப காலத்துக்கு ஒண்ணுமே படியாம இருந்திருக்கலாம்" என்றார் வெங்கடபதி. "நீரோட்டம் வந்து வந்து கழுவிட்டுப் போயிருக்கும்."

"இருக்கலாமுங்க. ஆனா அதுக்கு எங்கிட்டச் சாட்சி இல்லீங்களே சார்."

"இல்லீன்னா இல்லீன்னே எழுது."

அவள் அப்படியே எழுதினாள். சரிவில் போனது இவ்வளவு, கடல் அடி எழும்பியதால் படியாமல் விட்டிருக்கக்கூடியது இவ்வளவு, உறுதியாகத் தெரியாது. அந்த வரியை இன்னொரு முறை படித்துப் பார்த்தாள். அனுப்பினாள்.

அந்த வாரக் கடைசியில் ஜெஃபின் விடுமுறைக்கு வந்தான். கறுத்து, மெலிந்து, பசியோடு வந்தவனுக்கு ஜோஸ்லின் கறிக்குழம்பு வைத்துப் பரிமாறினாள். மறுபடி கடலுக்குப் போகிறாயா என்று கேட்க அவளுக்கு வாய் வரவில்லை. டேவிட்சன்தான் கேட்டான்.

"போவனுங்கண்ணா. அடுத்த மாசம்" என்றான் ஜெஃபின், தட்டைப் பார்த்துக்கொண்டு.

ஜோஸ்லின் அவன் தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைத்தாள்.